கேடட் கண்ணாயிரம் செய்யாத தவறு

1. ஏழாயிரம் அடி

ஒரு பயிற்சி விமானத்தில் ஏழாயிரம் அடி உயரத்தில் நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். இரண்டு பேருமே விமானப்படை அதிகாரிகள். இரண்டு பேருக்குமே ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம் உண்டு. காலை வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது, இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. அந்த நேரத்தில் விமானத்தை மட்டும் யாரும் ஓட்டிக்கொண்டிருக்கவில்லை.

நான் சீருடையைக் கழற்றி மூன்று வருடம் ஆகிறது. சேலையூரில் குடியிருக்கிறேன். பைலட் ஆக வேண்டும் என்று நினைக்கும் ஆபீசர் கேடட்டுகள் என்னிடம் ஏதாவது சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரி. கண்ணாடி போட்டிருந்தால் எடுப்பார்களா, கால் நீளம் போதுமா, வாந்தி வந்தால் வெளியே அனுப்பிவிடுவார்களா.

கண்ணையும் காலையும் மெடிக்கல் போர்டு பார்த்துக்கொள்ளும். நீங்கள் கவலைப்பட்டால் கால் ஒரு அங்குலம்கூட வளரப்போவதில்லை. வாந்தி வரும். எனக்கு முதல் ஆறு சார்ட்டியில் நாலு முறை வந்தது. விமானத்தில் ஒரு தடவை ஏறி இறங்குவதற்கு எங்கள் பாஷையில் சார்ட்டி என்று பெயர். பை வைத்திருங்கள், வேலை முடிந்ததும் நீங்களே வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள், அவ்வளவுதான். அதனால் யாரும் வீட்டுக்குப் போனதில்லை.

ஆட்களை வீட்டுக்கு அனுப்புவது வேறொன்று. அதை நான் கேடட்டாக இருந்தபோது கற்றுக்கொள்ளவில்லை. பத்து வருடம் பறந்த பிறகு, தாம்பரத்தில், வெட்கத்தோடு கற்றுக்கொண்டேன். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

2. மைக் ரிப்பேரா?

தாம்பரத்துக்கு நான் வந்தது மாணவியாகத்தான். பறக்கக் கற்றுக்கொடுக்கும் ஆட்களைத் தயார் செய்யும் கோர்ஸ் அது. பைலட்டாக இருப்பது ஒரு வேலை, பைலட்டை உருவாக்குவது இன்னொரு வேலை. இரண்டாவதற்கு வாய் வேண்டும்.

கை செய்வதை வாய் அதே நொடியில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். இதற்குப் பேட்டர் என்று பெயர். இப்போது வெளியே பார்க்கிறேன், இடதுபுறம் காலியாக இருக்கிறது, இப்போது ஸ்டிக்கை இடதுபக்கம் சாய்க்கிறேன், விமானத்தின் மூக்கு இறங்காமல் இருக்க லேசாகப் பின்னால் இழுக்கிறேன் என்று ஆங்கிலத்தில் நிறுத்தாமல் சொல்ல வேண்டும். கை முந்தினாலும் தப்பு, வாய் முந்தினாலும் தப்பு.

தரையில் நான் வாயாடி. என் வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும். ஆனால் விமானத்தில் ஏறியதும் ஊமையாகிவிடுவேன். பத்து வருடமாக அப்படியே பழகிவிட்டது. முதல் நாள் சார்ட்டியில் எங்கள் ஃப்ளைட் கமாண்டர் விங் கமாண்டர் ராகவன் சார் என் முன்னால் உட்கார்ந்து மாணவராக நடித்தார். நான் அழகாக ஒரு வளைவு எடுத்துக் காட்டினேன். மூச்சுச் சத்தம் மட்டும்தான் அவருக்குக் கேட்டது.

"என்னம்மா வசந்தி, மைக் ரிப்பேரா?" என்றார்.

"இல்ல சார்."

"அப்ப வாய்ல ரிப்பேரா?"

ராகவன் சார் மதுரைக்காரர். குரலை உயர்த்தமாட்டார். அதனால்தான் அதிகம் வலிக்கும்.

அன்றிலிருந்து வீட்டில் பயிற்சியை ஆரம்பித்தேன். இது நீங்களும் செய்ய வேண்டிய ஒன்று. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, முழு சார்ட்டியையும் பறந்து பார்ப்பது. செலவில்லாத பயிற்சி, விழுந்தாலும் அடிபடாது. கேம்ப் ரோட்டுக்கு உள்ளே ஒரு காலனியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, இரண்டு முழங்காலுக்கும் நடுவே மாப் கட்டை. மாப் கட்டைதான் விமானத்தைச் சாய்த்துத் திருப்பும் ஸ்டிக். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் மாப் கட்டைக்குப் பாடம் எடுப்பேன்.

ஒரு வாரம் கழித்துக் கீழ்வீட்டு ஓனர் ஆன்ட்டி மேலே வந்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. டெய்லி டோன்ட் புல், டோன்ட் புல்னு யாரையோ அதட்டிட்டே இருக்கியே. வீட்டுக்காரரோட ஏதாவது பிரச்சனையா?"

"இல்ல ஆன்ட்டி. மாப் கட்டையோட."

ஆன்ட்டி மாப் கட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அதன் பிறகு என்னோடு பேசும்போதெல்லாம் கொஞ்சம் மெதுவாகப் பேச ஆரம்பித்தார், உடம்பு சரியில்லாதவர்களிடம் பேசுகிற மாதிரி.

பயிற்சி பலித்தது. மூன்றாவது வாரத்தில் வானத்திலும் என் வாய் திறந்தது. ஆனால் மாப் கட்டைப் பயிற்சியில் ஒரு ஓட்டை இருந்ததை நான் கவனிக்கவில்லை. அதை அப்புறம் சொல்கிறேன்.

3. எட்வினும் கண்ணாயிரமும்

கோர்ஸில் எனக்கு ஜோடி ஸ்க்வாட்ரன் லீடர் எட்வின். ஊர் இரும்புலியூர். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம். அப்பா பெயின்டர், அம்மா ஒரு ஸ்கூலில் ஆயா வேலை பார்ப்பவர். தாம்பரத்தில் ஏறும் பயிற்சி விமானங்களைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன். இப்போது அதே ஓடுதளத்தில் தானே ஏறி இறங்குகிறான். பையன் பைலட்டுக்கே வாத்தியாராகப் போகிறான் என்று அவன் அம்மா கோர்ஸ் ஆரம்பிக்கும் முன்பே தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டார்.

அவன் பிரச்சனை எனக்கு நேர்மாறு. வாய் அருவி மாதிரி கொட்டும், கைதான் சும்மா இருக்காது. மாணவர் ஒரு டிகிரி தப்பாகச் சாய்த்தாலே ஸ்டிக்கைப் பிடுங்கிக்கொள்வான். கோர்ஸின் பாதியில் நடந்த டெஸ்டில் ராகவன் சார் அவனை ஃபெயில் செய்தார்.

"நீ ஓட்டறதைப் பாக்க அவன் வரல எட்வின். தப்புப் பண்ண வந்திருக்கான். பண்ண விடு. கையை மடியில வச்சுக்க" என்றார்.

இன்னொரு டெஸ்டில் ஃபெயிலானால் கோர்ஸிலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த டெஸ்ட் வியாழக்கிழமை. நான் சொல்லப்போகும் சம்பவம் அதற்கு முந்தைய திங்கட்கிழமை நடந்தது.

இதற்கு நடுவே ம்யூச்சுவல் சார்ட்டி பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கோர்ஸில் மட்டும் நடக்கும் கூத்து அது. இரண்டு அதிகாரிகள் சேர்ந்து பறப்போம். பின் சீட்டில் இருப்பவர் பயிற்சியாளர், விமானத்துக்குப் பொறுப்பும் அவரே. முன் சீட்டில் இருப்பவர் ஒன்றும் தெரியாத மாணவராக நடிக்க வேண்டும். வேண்டுமென்றே தப்புச் செய்வார். என்ன தப்பு என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார். பின்னால் இருப்பவர் அதைக் கண்டுபிடித்து, பெயர் சொல்லி, திருத்த வேண்டும்.

மற்றவர்கள் கடமைக்கு நடிப்பார்கள். எட்வின் தன் மாணவருக்குப் பெயரே வைத்துவிட்டான். கேடட் கண்ணாயிரம். குரலும் தனி, பேச்சும் தனி, பக்கா இரும்புலியூர்.

"மேடம், மூக்கத் தூக்குனா ஸ்பீடு கொறையுது. இன்னா பேஜார் மேடம் இது?"

"மேடம், அந்த ஏரி அழகா கீதே, அத்தப் பாத்துக்கினு இருந்துட்டேன். நீங்க இன்னா சொன்னீங்க?"

கோர்ஸில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கண்ணாயிரத்தை எல்லோருக்கும் தெரியும். ராகவன் சார்கூட காரிடாரில் எட்வினைப் பார்த்தால் கண்ணாயிரம் நலமா என்று கேட்பார்.

4. இருபது செகண்டு

திங்கட்கிழமை காலை நான் பின்னால், எட்வின் முன்னால். செங்கல்பட்டைத் தாண்டி பாலாற்றுக்கு மேலே எங்கள் ஏரியா. அன்றைய பாடம் செங்குத்தான வளைவு, அதாவது விமானத்தை நன்றாகச் சாய்த்து இடதுபக்கம் திருப்புவது.

என் பேட்டர் அன்று பிரமாதமாக வந்தது. கையும் வாயும் ஒன்றாக ஓடின. எனக்கே என் குரலைக் கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. இப்படித் தன் குரலில் தானே மயங்குவது வானத்தில் மட்டும் செய்யவே கூடாத காரியம் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.

காட்டி முடித்த பிறகு விமானத்தை மாணவரிடம் கொடுக்க வேண்டும். அதற்கு உலகம் முழுவதும் ஒரு முறை இருக்கிறது. கொடுப்பவர் "யூ ஹேவ் கன்ட்ரோல்ஸ்" என்பார். வாங்குபவர் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு "ஐ ஹேவ் கன்ட்ரோல்ஸ்" என்பார். அதைக் கேட்ட பிறகுதான் கொடுப்பவர் கையை எடுக்க வேண்டும். கேடட்டுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது.

நான் அதைச் சொல்லவில்லை. "திஸ் இஸ் ஹவ் இட் ஷுட் லுக்" என்று சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிட்டேன். சொல்லிவிட்டதாகத்தான் என் மண்டையில் இருந்தது. மாப் கட்டைப் பயிற்சியின் ஓட்டை இதுதான். பாடம் முடிந்ததும் மாப் கட்டையைச் சுவரில் சாய்த்துவிடுவேன். ஒப்படைக்க எதிரில் ஆள் இல்லாததால் ஒப்படைக்கும் வரியை நான் ஒரு நாளும் சொல்லிப் பழகவில்லை. ஐம்பது தடவை எப்படிப் பழகினேனோ ஐம்பத்தோராவது தடவை அப்படியே செய்தேன்.

எட்வினின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. ராகவன் சார் சொன்னதை அவன் அன்று அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்துக்கொண்டிருந்தான். ஒருவர் பின் ஒருவராக உட்காரும் விமானம் அது. முன்னால் இருப்பவரின் தலைக்கவசம் தெரியும், கை தெரியாது.

சாய்ந்திருக்கும் விமானத்தைச் சும்மா விட்டால் அது இன்னும் சாயும், மூக்கு இறங்கும், வேகம் கூடும். அப்படியே இறங்க ஆரம்பித்தது.

நான் நினைத்தேன்: அடடா, கண்ணாயிரம் இன்று நல்லா சொதப்புகிறான். உடனே திருத்தக் கூடாது, கொஞ்சம் விட்டுப்பிடிப்போம்.

எட்வின் நினைத்தானாம்: வசந்தி தப்பான வளைவு எப்படி இருக்கும் என்று காட்டுகிறாள். மாணவன் கவனிக்கட்டும் என்று பேச்சைக்கூட நிறுத்திவிட்டாள். தேறிவிட்டாள்.

"மேடம், மூக்கு எறங்குது மேடம்" என்றான் கண்ணாயிரம்.

"ஏன் இறங்குதுன்னு யோசிச்சுப் பாருங்க."

"ஸ்பீடும் ஏறுது மேடம்."

"அதான், ஏன்?"

"நீங்க வுட்டுட்டீங்க, அதான்."

வாய்க்கொழுப்புள்ள மாணவரைச் சமாளிப்பது எப்படி என்று எனக்குப் பரீட்சை வைக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். ரொம்பப் பொறுமையான குரலில் கேட்டேன்.

"சரி, அப்ப நீங்க என்ன பண்ணணும் கண்ணாயிரம்?"

"நான் பாத்துக்கினு இருக்கேன் மேடம்."

கண்ணாடிக் கூரைக்கு வெளியே காற்றின் சத்தம் மாறியது. கீழே பாலாற்று மணல் ஒரு பக்கமாகச் சுழன்று மேலே வந்துகொண்டிருந்தது. அப்போது இன்டர்காமில் எட்வினின் சொந்தக் குரல் வந்தது.

"வசந்தி, இது டெமோதானே?"

"என்ன டெமோ? நீதானே ஓட்டறே?"

"நான் கையே வைக்கல."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஸ்டிக்கைப் பிடித்தோம். அவன் இழுக்கப் பார்த்தான், நான் நிமிர்த்தப் பார்த்தேன். "ஐ ஹேவ் கன்ட்ரோல்ஸ்" என்றேன். அவன் உடனே விட்டுவிட்டான். பவரைக் குறைத்து, இறக்கையை நேராக்கி, மெதுவாக இழுத்தேன். நிமிரும்போது உயரம் நாலாயிரத்து எண்ணூறு அடி. இரண்டாயிரத்துச் சொச்சம் அடியை இரண்டு வாத்தியார்கள் ஒருவரையொருவர் மெச்சிக்கொண்டே தொலைத்திருந்தோம்.

தாம்பரம் வரும்வரை கண்ணாயிரம் வாயைத் திறக்கவில்லை.

5. செய்யாத குற்றம்

இறங்கியதும் விமானத்தைப் பார்த்துக்கொள்ளும் சார்ஜென்ட் புத்தகத்தை நீட்டினார். "மேடம், ஸ்நாக் ஏதாச்சும்?" ஸ்நாக் என்றால் பழுது. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய்யில்லை. வேகமும் வரம்பைத் தாண்டவில்லை, இழுத்த இழுப்பும் தாண்டவில்லை. விமானத்தில் ஒரு பழுதும் இல்லை, அதில் உட்கார்ந்திருந்த எங்கள் இரண்டு பேரிடமும்தான் இருந்தது.

நடந்து வரும்போது எட்வின் கேட்டான்.

"சொல்லணுமா?"

"விமானத்துக்கு நான்தான் கேப்டன். தப்பு என்னோடது."

"உனக்குத் திட்டு விழும், அவ்ளோதான். என் ஃபைல்ல ஏற்கெனவே ஒரு ஃபெயில் கீது. வியாழக்கிழமை டெஸ்ட். வசந்தி, எங்கம்மா எங்க தெரு மொத்தத்துக்கும் சொல்லி வச்சிருக்காங்க."

விமானத்தின் பதிவுக் கருவியில் எல்லாம் இருக்கும். ஆனால் காரணமில்லாமல் அதை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. சரி, விடு என்று சொன்னேன். அவனுக்காகத்தான் சொன்னேன் என்று இரண்டு மூன்று வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்கும் வெட்கமாக இருந்தது. கேடட்டுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பதை மறந்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஒவ்வொரு சார்ட்டிக்குப் பிறகும் டீப்ரீஃப் உண்டு. என்ன நடந்தது, எங்கே தவறினோம் என்று உட்கார்ந்து பேசுவது. அன்று ராகவன் சாரே வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"எப்படிப் போச்சு?"

"நல்லாப் போச்சு சார்" என்றேன்.

"கண்ணாயிரம் இன்னைக்கு என்ன தப்புப் பண்ணான்?"

இது வழக்கமான கேள்விதான். மாணவர் செய்த தப்புகளைப் பயிற்சியாளர் வரிசையாகச் சொல்ல வேண்டும். நான் தொண்டையைச் செருமினேன்.

"வளைவுல மூக்கை இறக்கிட்டான் சார். கவனிக்கவே இல்ல. ஸ்பீடும் ஏறிச்சு. நான் கன்ட்ரோல் எடுத்துத் திருத்தினேன்."

சொல்லச் சொல்ல நன்றாகத்தான் வந்தது. பேட்டர் பழகிய வாய் அல்லவா? ராகவன் சார் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார்.

"சார்" என்றான் எட்வின். "அது கண்ணாயிரம் பண்ணல சார்."

"பின்ன யாரு, நீயா?"

"நானும் இல்ல சார். வசந்தியும் இல்ல. யாருமே ஓட்டல சார்."

பேனா அப்படியே நின்றது. எட்வின் முழுவதையும் சொன்னான். நடுவில் நான் சேர்ந்துகொண்டு, ஒப்படைக்காமல் கையை எடுத்தது நான்தான் என்று சொன்னேன். சார் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"முதல்ல சந்தேகம் கேட்டது யாரு?"

"நான் சார்" என்றான் எட்வின்.

"சந்தேகம் வந்து எவ்வளவு நேரம் கழிச்சுக் கேட்டே?"

"ஒரு இருபது செகண்டு இருக்கும் சார்."

"ஏன் இருபது செகண்டு?"

எட்வின் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "கேட்டா முட்டாள்னு நெனைப்பாளோன்னு சார்."

"முட்டாளா நடிக்கத்தானேடா உன்னை அனுப்பினேன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்தது. சார் சிரிக்கவில்லை. "நாளைக்குக் காலை பிரீஃபிங்ல முன்னாடி ரெண்டு நாற்காலி போடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வெளியே வந்ததும் எட்வினைக் கேட்டேன். "ஏன் சொன்னே? நீதானே வேண்டாம்னே?"

"நீ கண்ணாயிரம் தலையில கட்டினே பாரு. பாவம் அவன், எவ்ளோ தப்புப் பண்ணியிருக்கான், எல்லாம் நான் சொல்லிப் பண்ணது. செய்யாத தப்புக்கு அவன் பேரு எழுதுறப்போ மனசு கேக்கல."

இல்லாத ஒரு ஆளுக்காக அவன் தன் கோர்ஸையே பணயம் வைத்துவிட்டான். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாருமே ஓட்டவில்லை என்ற அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டியவள் நான் என்று தெரிந்ததுதான் காரணம்.

6. இரண்டு நாற்காலி

மறுநாள் காலை கோர்ஸ் முழுவதும் உட்கார்ந்திருந்தது. முன்னால் இரண்டு நாற்காலி, ஒன்றன்பின் ஒன்றாக. நேற்று நடந்ததை நடந்தபடியே நடித்துக் காட்டச் சொன்னார் சார். மனதில் நினைத்ததையும் சத்தமாகச் சொல்ல வேண்டுமாம்.

நடித்தோம். நான் நினைத்ததைச் சொல்ல, அவன் நினைத்ததைச் சொல்ல, வகுப்பு சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "நான் பாத்துக்கினு இருக்கேன் மேடம்" என்ற இடத்தில் தமிழ் தெரியாதவர்களும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. பூமி பிளந்தால் போய்விடலாம் போலிருந்தது.

சிரிப்பு அடங்கட்டும் என்று சார் காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"இங்க இருக்கற யாருக்கெல்லாம், எந்த விமானத்துலயாவது, ரெண்டு செகண்டாவது இது நடந்திருக்கு? கையைத் தூக்குங்க."

யாரும் அசையவில்லை. பிறகு மூன்றாவது வரிசையில் ஒரு கை மேலே போனது. எங்கள் கோர்ஸில் எல்லாத் தேர்விலும் முதல் மார்க் வாங்கிக்கொண்டிருந்த ஆளின் கை அது. அவர் தூக்கியதும் பக்கத்தில் ஒன்று, பின்னால் இரண்டு என்று ஒவ்வொன்றாக ஏறின. கடைசியில் தூக்காத கைகளை எண்ணுவதுதான் சுலபமாக இருந்தது.

"ஒருத்தனும் ரிப்போர்ட்ல எழுதலையே" என்றார் சார். அவ்வளவுதான் சொன்னார்.

அன்று முதல் எங்கள் கோர்ஸில் ஒரு விதி வந்தது. முன் சீட்டோ பின் சீட்டோ, வேடத்திலிருந்து வெளியே வந்து பேச வேண்டுமானால் முதலில் "ரியல்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லுக்குப் பிறகு நடிப்பு கிடையாது. கேட்கும் கேள்விக்கு உண்மையான பதில் வர வேண்டும்.

வகுப்பு முடிந்ததும் எட்வின் சாரிடம் போனான். "சார், வியாழக்கிழமை டெஸ்டு?"

"இருக்கு. நானே வர்றேன்."

"நேத்து நடந்தது ஃபைல்ல போவுமா சார்?"

"போகும். நீயாச் சொன்னதுன்னு சேர்ந்து போகும்."

நல்லதா கெட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

7. வியாழக்கிழமை

டெஸ்டுக்குப் போகும் ஆளுக்கு ஜோடியாக இருப்பவர் அன்று ஒரு வேலையும் செய்யமாட்டார். நான் கேன்டீனில் மூன்று டீ குடித்தேன். ஓடுதளத்துப் பக்கம் மூன்று தடவை போய்ப் பார்த்தேன். எட்வின் அம்மா அன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பதாகக் காலையில் அவன் சொல்லியிருந்தான். ஒவ்வொரு விமானம் தலைக்கு மேல் போகும்போதும் வாசலுக்கு வந்து பார்ப்பாராம்.

ஒரு மணி நேரம் கழித்து இறங்கினார்கள். ராகவன் சார் முன்னால் நடந்து வந்தார். எட்வின் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி பத்தடி பின்னால் வந்தான். அந்தப் பத்தடியைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

சார் என் முன்னால் வந்து நின்றார்.

"உன் ஜோடி என்ன பண்ணான் தெரியுமா?"

"தெரியல சார்."

"முன் சீட்டுல மாணவனா இருந்த எனக்கு வளைவுல கன்ட்ரோலை முறையாக் கொடுத்தான். நானும் வாங்கிட்டேன். நாலு நிமிஷம் நல்லா ஓட்டிட்டு, சத்தம் போடாம கையை எடுத்துட்டேன். மூக்கு இறங்க ஆரம்பிச்சது."

எனக்குப் புரிந்தது. எட்வினுக்கு வைத்த பொறி அது. உடனே ஸ்டிக்கைப் பிடுங்கினால் பழைய தப்பு, ஃபெயில். கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தால் திங்கட்கிழமைத் தப்பு, அதுவும் ஃபெயில்.

"என்ன சார் பண்ணான்?"

"ரியல் சார், கன்ட்ரோல்ஸ் உங்ககிட்ட இருக்கான்னு கேட்டான். நான் பதில் சொல்லல. ஐ ஹேவ் கன்ட்ரோல்ஸ்னு சொல்லி எடுத்துக்கிட்டான். எல்லாம் மூணு செகண்டு." சார் திரும்பி எட்வினைப் பார்த்தார். "இத்தனை வருஷமா டெஸ்ட் எடுக்கறேன். டெஸ்ட் வைக்கிறவன்கிட்டயே கேக்கறதா, மார்க் போயிடுமேன்னு எல்லாரும் ஸ்டிக்கைப் பிடுங்குவானுங்க, இல்ல கேள்வியை முழுங்குவானுங்க. என்கிட்ட வாயைத் திறந்து கேட்ட முதல் ஆள் இவன்தான். பாஸ்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. எட்வின் அழவில்லை, பசிக்கிறது என்றான். பிறகு போனை எடுத்து வீட்டுக்கு அடித்தான். அம்மா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவன் ம்ம், ம்ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், "அத்த எல்லார்ட்டயும் சொல்லாதம்மா" என்றான். அதற்குள் சொல்லியிருப்பார்.

நீங்கள் பறக்கப் போகும் முதல் நாள் உங்கள் பின்னால் உட்காரப்போகிறவர் உங்களைவிட இருபது வயது மூத்தவராக, மார்பு நிறைய ரிப்பன் குத்தியவராக இருப்பார். அவருக்குத் தெரியாதா என்று தோன்றும். இதைக் கேட்டால் சிரிப்பாரே என்று தோன்றும். நாற்காலியில் உட்கார்ந்து பழகும்போது கன்ட்ரோல் கொடுப்பதையும் வாங்குவதையும் சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள், எதிரில் ஆள் இல்லாவிட்டாலும். சந்தேகம் வந்தால் மூன்று செகண்டுக்குள் கேளுங்கள். முட்டாள் என்று நினைக்கத்தான் செய்வார்கள். நினைக்கட்டும். இரண்டு பேரும் பத்திரமாகத் தரையிறங்கி, கேன்டீனில் டீ குடித்துக்கொண்டு நினைக்கட்டும்.